ஐந்து நாள் மருந்து

சிறை, திருவனந்தபுரம்
2 ஜூலை 2023

உலகு,

மூன்று தடவை போன் செய்துவிட்டேன். இங்கே ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். உன் போன் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே மூன்று தடவையும் என் ஐந்து நிமிடம் தீர்ந்துபோனது. நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். மூட்டைமேல் பெயர் எழுதியதைத் தவிர நான் பேனா பிடித்து எத்தனை வருடம் ஆகிறது என்று உனக்கே தெரியும். சிரிக்காதே.

வக்கீல் கிருஷ்ணகுமார் வந்து பார்த்தார். கரமனைக்காரர், நம் தீவனக்கடை முதலாளிக்கு வேண்டியவர். நடந்ததை நடந்தபடி அவரிடம் சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன், நீயும் மாற்றாமல் சொல்ல வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. ஆரியசாலைக் கடையில் லோடு சீக்கிரம் இறங்கிவிட்டது. மரத்தூள் இரண்டு மூட்டையும் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கே விழிஞ்ஞத்துக்கு வந்துவிட்டேன். நீ போர்ட் கேன்டீனில் வேலையில் இருந்தாய். முந்நூறு குஞ்சில் நூற்றிமுப்பது அதற்குள் செத்திருந்தது. ஈரக் கூளத்தைக் கிளற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குள் போனால், பக்கத்து வீட்டு கிரீஷ் உள்ளே குந்தியிருக்கிறான். தண்ணீர்ப் பாத்திரத்தில் ஏதோ ஊற்றுகிறான். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நான் அளந்து கொடுத்த மருந்தைக் கரைத்தால் நிறமே கிடையாது.

கோழி நாற்றம் அடிக்கிறது என்று கார்ப்பரேஷனில் எழுதிக் கொடுத்தவன் அவன். அவன் கூரைத் தண்ணீர் முழுக்க நம் கூட்டுக்குள்தான் விழுகிறது, கேட்டால் சரிபண்ணித் தருகிறேன் என்று பல்லைக் காட்டுவான். அப்படிப்பட்டவன் விஷம் வைக்காமல் வேறு என்ன செய்வான்? கோபத்தில் கை ஓங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆட்டோ ஓட்டுகிற உடம்பு, பிழைத்துக்கொள்வான்.

நீ ஏன் இன்னும் பார்க்க வரவில்லை?

மிச்சக் குஞ்சுகளை ஈரத்தில் விடாதே. கூளத்தை முழுக்க வாரி வெளியே கொட்டிவிட்டு, தரையில் சுண்ணாம்பு போட்டு, புதுத் தூள் விரி. இந்தக் கடிதத்தை ஆபீசில் வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். தமிழ் வாசிக்கிற வார்டர் ஒருவர் இருக்கிறார், பாறசாலைக்காரர். வாசிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

திரவியம்


விழிஞ்ஞம்
11 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. போனை எடுக்காதது கோபத்தினால் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு ஒன்றும் பேச வராது. கேன்டீனிலும் இப்போது யாரோடும் பேசுவதில்லை, சோற்றை வடிக்கிறேன், பாத்திரத்தைக் கழுவுகிறேன், வந்துவிடுகிறேன்.

நாற்பத்தொரு குஞ்சு மிச்சம் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி கூளத்தை மாற்றினேன். மிருக ஆஸ்பத்திரி சபீனா டாக்டர் வந்து பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஐந்து நாள் மருந்து கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். இந்தத் தடவை கேட்டது. இப்போது இரை எடுக்கின்றன.

அண்ணா, டாக்டர் செத்த குஞ்சு இரண்டை என் கண்முன்னால் அறுத்துக் காட்டினார். குருட்டுக்குடல் இரண்டும் விரல் தடிமனுக்கு வீங்கி, உள்ளே உறைந்த ரத்தம். "இது விஷம் இல்ல கேட்டோ. ரத்தக்கழிச்சல்தான். ஈரக் கூளத்துல பெருகுற ஒட்டுண்ணி. எச்சத்துல முட்டை வரும், அதக் குஞ்சுக கொத்தித் தின்னும், குடலுக்குள்ள போயி அறுத்துடும்" என்றார். முதலில் அவர் சொன்னதும் அதுதானே, நாம் மருந்து வாங்கியதும் அதற்குத்தானே. இதை வக்கீலிடம் சொன்னேன். அவர், "டாக்டர் சொல்றத டாக்டர் சொல்லிக்கட்டும். உங்கிட்ட கேட்டதுக்கு மட்டும் நீ பதில் சொன்னாப் போறும்மா" என்றார்.

கிரீஷுக்கு இன்னும் நினைவு வரவில்லை. தலையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கண் திறக்கிறார், ஆளைத் தெரியவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மனைவி ஜினு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள். துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டாள். "சேச்சீ, அடிக்கும்ப ஆளு எந்தெங்கிலும் பறஞ்ஞோ? அண்ணாச்சிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்." அடி விழும்போது அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறாள். அவர் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அதுவாகவே இருந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். எழுதுங்கள்.

அவர் என்ன ஊற்றினார் என்று போலீஸ்காரர்களும் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். பாத்திரத்துத் தண்ணீரை எடுத்துப் போயிருக்கிறார்கள், பரிசோதனை முடிவு வர நாளாகுமாம்.

உங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

உலகம்மாள்


சிறை, திருவனந்தபுரம்
20 ஜூலை 2023

உலகு,

உன் டாக்டர் படித்தவர். நான் படிக்காதவன். ஆனால் பதினோரு வருடம் தீவனக்கடையில் நின்றவன். ரத்தக்கழிச்சல் கண்ட பண்ணைக்காரன் எத்தனை பேர் வந்து எங்கள் கடையில் ஆம்ப்ரோலியம் பொடி வாங்கிப் போயிருக்கிறான் தெரியுமா? முதல் நாள் கொடுப்பான், மூன்றாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது என்று வந்து சொல்வான்.

நம் குஞ்சுகளுக்கு அதே பொடியைத் திங்கட்கிழமை காலையில் என் கையால் அளந்து பொட்டலம் கட்டிவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒரு வாளிக்கு ஒரு பொட்டலம். காலையில் நீ கலந்து வைத்தாய். மதியம் கேன்டீனிலிருந்து வந்து நீயே மாற்றி வைத்தாய். நோய் அதுதான், மருந்தும் அதுதான், அளவும் சரி. பிறகு ஏன் நான்காம் நாள் நூற்றிமுப்பது செத்தது? உன் டாக்டரிடம் இதைக் கேள். யாரோ அந்தத் தண்ணீரில் கை வைத்ததனால் செத்தது. வேறு பதில் இருந்தால் எனக்கு எழுது.

இப்போது மட்டும் மருந்து கேட்டதாம். ஏன் கேட்காது? ஊற்றுகிறவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.

ஜினுவிடம் சொல்: அவன் ஒன்றும் சொல்லவில்லை. குந்தியிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். இனி இதைக் கேட்டு எழுதாதே.

இருமல் இருக்கிறது.

திரவியம்


விழிஞ்ஞம்
19 ஆகஸ்ட் 2023

அண்ணா,

கிரீஷ் இறந்துவிட்டார். போன சனிக்கிழமை விடிகாலை. உங்களுக்கு அங்கேயே சொல்லியிருப்பார்கள். கேஸில் இனி பிரிவு மாறும், ஜாமீன் கிடைக்காது என்று வக்கீல் சொன்னார்.

நான் போனேன். அவர்கள் முற்றத்தில் ஓரமாக நின்றேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம், கோழிக்கு விஷம் வைத்த ஆள் இவர்தானா என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஜினுவுக்கும் விழுந்திருக்கும்.

அவர்கள் வீட்டுச் சுவரோரம் நீளமான பிளாஸ்டிக் குழாய் நான்கு சாத்தியிருந்தது. கூரைத் தண்ணீர் நம் பக்கம் விழாமல் திருப்பிவிட வாங்கிவைத்ததாம். அந்த வெள்ளிக்கிழமை ஆட்டோவுக்கு லீவு விட்டு அதை மாட்டுவதாக இருந்தாராம். ஜினு சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழாயில் ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்காமல் இருக்கிறது.

நீங்கள் சொன்னதைச் சொன்னேன், அவர் ஒன்றும் பேசவில்லை என்று. அவள் நம்பவில்லை. "ஆளு மிண்டாதெ இருக்கில்லா சேச்சீ. எப்பளும் எந்தெங்கிலும் பறயும்" என்றாள். அது உண்மைதான். அவரால் பேசாமல் இருக்க முடியாது.

உலகம்மாள்


சிறை, திருவனந்தபுரம்
30 ஆகஸ்ட் 2023

உலகு,

சொன்னார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார்கள். தட்டைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். வேறு யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி.

இனி எல்லாம் உன் வாயில்தான் இருக்கிறது. வக்கீல் சொல்கிறார், விஷம் என்று நம்பி, ஆத்திரத்தில், அந்த நிமிடத்தில் அடித்தது என்று நிரூபித்தால் கொலை இல்லை என்று ஆகும். அதற்கு நீ சாட்சி சொல்ல வேண்டும். கிரீஷுக்கு நம் கூட்டுக்குள் வேலை இல்லை, யாரும் அவனைக் கூப்பிடவில்லை, குஞ்சு செத்ததில் உனக்கும் அவன்மேல் சந்தேகம் இருந்தது. இந்த மூன்றும் போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொல்லச் சொல்கிறேன்.

உன் புருஷன் உன்னை வள்ளியூரில் வாடகை வீட்டில் விட்டுவிட்டுப் போனபோது, ஒரு கேள்வி கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏன் போனான், நீ என்ன செய்தாய் என்று ஊர் கேட்டது, நான் கேட்கவில்லை. கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்தேன். இந்தக் குஞ்சுகளே உனக்காக வாங்கியதுதான், நீ கேன்டீன் புகையில் கிடக்க வேண்டாம் என்று. சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

திரவியம்


விழிஞ்ஞம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்றரை வருடமாக உங்களுக்கு எழுதியதெல்லாம் இருமல் மருந்தும் மழையும்தான். அடுத்த மாதம் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்போகிறார்கள். அங்கே சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும். வார்டர் வாசிப்பார் என்று தெரியும். வாசிக்கட்டும்.

கிரீஷைக் கூப்பிட்டது நான்.

மதிய இடைவேளையில் நான் வீட்டுக்கு வந்து தண்ணீர் மாற்றுவதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். வரவில்லை. மழைக்காலம் என்று கேன்டீனில் அந்த இடைவேளையை எடுத்துவிட்டார்கள். உங்களிடம் சொன்னால் வேலையை விடு என்பீர்கள். அதனால் திங்கட்கிழமையே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கிரீஷிடம் கேட்டேன். அவர் மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவார். "அதினெந்தா சேச்சீ, நான் ஒழிச்சு வைக்காம்" என்றார், அதற்கென்ன, ஊற்றி வைக்கிறேன் என்று. அந்த வீட்டாரோடு பேசக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். கார்ப்பரேஷனுக்கு எழுதிக் கொடுத்தது அவர் இல்லை, எதிர்வீட்டு வாடகைக்காரர்கள். அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அதையும் உங்களிடம் சொல்லவில்லை, அந்த வீட்டாரோடு பேசியது தெரிந்துவிடும் என்று.

மஞ்சள் தண்ணீர் என்ன என்று எனக்குத் தெரியும். அது சத்து டானிக். பி காம்ப்ளக்ஸ்.

குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. இரை எடுக்கவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை அண்ணா. மருந்து மட்டும் போதுமா, தெம்புக்கு ஏதாவது வேண்டாமா என்று நானே நினைத்து, வரும் வழியில் கடையில் வாங்கினேன். காலையில் நீங்கள் போன பிறகு மருந்துத் தண்ணீரில் நான் கலந்தேன். மதியம் கலக்க, ஜன்னலில் குப்பியை வைத்துவிட்டு, இரண்டு மூடி ஊற்றுங்கள் என்று கிரீஷிடம் சொன்னேன். மாலையில் நீங்கள் வருமுன் மறுபடி நான். ஒரு நாளைக்கு மூன்று வேளை. குஞ்சு சாகச் சாக இன்னும் அரை மூடி கூட்டினேன்.

நோய் அதுதான், மருந்தும் அதுதான், அளவும் சரி, பிறகு ஏன் செத்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த மறுநாள் சபீனா டாக்டரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். அவர், "தண்ணியில வேற எதாச்சும் சேத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "வைட்டமின் எதுவும்?" என்றார். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்திருப்பார். இருந்தாலும் சொன்னார். அந்த ஒட்டுண்ணிக்கு வளர ஒரு வைட்டமின் வேண்டுமாம். பொடி பார்ப்பதற்கு அந்த வைட்டமின் மாதிரியே இருக்குமாம். ஒட்டுண்ணி ஏமாந்து பொடியை எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகும். அதுதான் மருந்து. கூடவே உண்மையான வைட்டமினை ஊற்றினால் அது அதை எடுத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். "அஞ்சு நாளு பொறுத்துட்டு அப்புறம் கொடுத்தா நல்லது. கூட்டிக் கொடுத்தா மருந்து கொடுக்காத மாதிரிதான்" என்றார்.

குஞ்சுகளுக்குத் தெம்பு கொடுக்கிறேன் என்று நான் அந்தப் பூச்சிக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

போலீஸ் வந்து போன பிறகு கூளத்துக்குள் குப்பி கிடந்தது. எடுத்து அரிசி டப்பாவில் மறைத்தேன். அப்போது நான் பயந்தது கேஸுக்காக இல்லை. புருஷன் இல்லாதவள், அண்ணன் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு ஆணை உள்ளே வரச் சொல்லியிருக்கிறாள் என்று பேசுவார்களே என்று பயந்தேன். ஊர் பேசுவதைவிட நீங்கள் நினைப்பதற்குப் பயந்தேன். அந்தப் பயத்தில் ஒரு நல்ல மனிதரை விஷம் வைத்தவர் என்று சொல்லவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஜினு ரேஷன் கடைக்குப் போனால்கூட அவள் காதுபடச் சொல்கிறார்கள்.

உங்களிடம் திங்கட்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உயிரோடு இருப்பார், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். இந்த இரண்டும் என்னால்தான். கோர்ட்டில் உள்ளதைச் சொல்வேன். குப்பியையும் கொடுக்கப்போகிறேன். அது உங்களுக்கு எதிராகப் போனாலும் சொல்வேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

உலகம்மாள்


சிறை, திருவனந்தபுரம்
12 பிப்ரவரி 2025

கடிதம் கிடைத்தது.

உனக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல். வக்கீல் உன்னைக் குறுக்கு விசாரணை செய்வார், அவர் வேலை அது. நீ குளறாமல் பதில் சொல்.

இனி எனக்கு எழுதாதே.

திரவியம்


விழிஞ்ஞம்
27 ஏப்ரல் 2025

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். இதை ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், கிழித்துப் போட்டாலும் சரி.

கூண்டில் நின்ற அன்று நீங்கள் ஒரு தடவைகூட நிமிரவில்லை. டானிக் குப்பியை மேசைமேல் வைத்தார்கள். அரசாங்க வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். தண்ணீரில் விஷம் இல்லை என்று பரிசோதனை முடிவையும் வாசித்தார்கள். அதற்குப் பிறகு கிருஷ்ணகுமார் வக்கீல் எழுந்தார். நம் வீட்டில் வந்து காப்பி குடித்தவர், என்னை அம்மா போட்டுப் பேசியவர். கோர்ட்டில் மலையாளத்தில் கேட்டார்: "ஆங்ஙள இல்லாத்த நேரத்து அயாள் வீட்டில் வருமாயிருந்நோ?" அண்ணன் இல்லாத நேரத்தில் அந்த ஆள் வீட்டுக்கு வருவது உண்டா என்று. உண்டு, நான்கு நாள், கோழிக்குத் தண்ணீர் வைக்க என்றேன். தண்ணீர் வைக்க மட்டும்தானா என்று கேட்டார். பின்னால் ஜினு உட்கார்ந்திருந்தாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் வைக்க மட்டும்தான் என்றேன்.

இத்தனை வருடம் எதற்குப் பயந்து வாயை மூடினேனோ அதை உங்கள் வக்கீலே கேட்டுவிட்டார். கேட்ட பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் வந்தது. உங்கள்மேல்தான் வந்தது, ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று.

தீர்ப்பு நாளில் எட்டு வருடம் என்றார்கள். கொலை இல்லை என்று விட்டார்கள், நிதானம் இழந்து செய்தது என்று. உள்ளே இருந்த காலம் கழியும் என்கிறார்கள். வெளியே வராந்தாவில் ஜினு என் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாளோ என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவள் கேட்டது பழைய கேள்விதான். அடி விழுமுன் ஆள் என்ன சொன்னார்? தெரியாது என்றேன். "அண்ணாச்சிக்கு அறியாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள், உங்களுக்குத் தெரியும் என்று.

கோழிக்கூட்டைப் பிரித்துவிட்டேன்.

உலகம்மாள்


சிறை, திருவனந்தபுரம்
9 நவம்பர் 2025

உலகு,

எழுதாதே என்று சொன்னவனே எழுதுகிறேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. நீ வாசிப்பாயோ மாட்டாயோ தெரியாது.

இங்கே தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு. மரவேலை, சப்பாத்தி, தோட்டம். படிவத்தில் முன்பு செய்த வேலை என்ற இடத்தில் தீவனக்கடை என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்து என்னைக் கோழிப் பிரிவில் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ஐந்நூறு குஞ்சு. நான்காவது வாரம் வரை ஒன்றும் இல்லை. ஐப்பசியில் துலா மழை பிடித்து ஒரு வாரம் விடவில்லை. போன வாரம் காலையில் கூளத்தைக் கிளறும்போது எச்சத்தில் ரத்தம் பார்த்தேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சீக்கு வந்த குஞ்சு எப்படி நிற்கும் என்று நீ எழுதியிருந்தாயே, மூலையில் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அப்படியே நின்றன.

ஆபீசில் சொன்னேன். டாக்டர் வந்தார், அதே பொடி கொடுத்தார், ஐந்து நாள் என்றார். இரண்டாம் நாள் இருபது குஞ்சு செத்தது. என்னோடு லிங்கராஜ் என்று ஒருவன் வேலை செய்கிறான், களியக்காவிளைப் பக்கம், சாது. குஞ்சு சாவதைப் பார்க்க முடியாமல் மருந்து அலமாரியிலிருந்து சத்து டானிக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தான். பாத்திரத்துக்குமேல் சாய்த்துவிட்டான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

அவன் குப்பியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டான். "அண்ணாச்சி, அடிச்சிராதீக" என்றான். நான் எதற்காக உள்ளே இருக்கிறேன் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் அடிக்கவில்லை உலகு. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அஞ்சு நாளு பொறுப்பா. அதுக்கப்புறம் நானே ஊத்தித் தாரேன்" என்று சொன்னேன். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். கேட்டுக்கொண்டான். ஐந்நூறில் முப்பத்தாறு போனது, மற்றது எல்லாம் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் ஒரு வார்த்தையால் அவன் பிழைத்திருப்பான் என்று எழுதியிருந்தாய். இல்லை. அந்த வார்த்தையை அவன் எனக்குச் சொன்னான்.

நான் கூட்டுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சீ, சேச்சி பறஞ்ஞிட்டா" என்றான். அக்கா சொல்லித்தான் ஊற்றுகிறேன் என்று. தெளிவாகச் சொன்னான். ஆரியசாலையில் பதினோரு வருடம் மலையாளம் பேசினவனுக்கு இது புரியாதா? புரிந்தது. விஷம் இல்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அடித்தேன். நான் இல்லாத வீட்டில் உன்னை அவன் சேச்சி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன் புருஷன் ஏன் போனான் என்று நான் கேட்காமல் விட்டது பெருந்தன்மை இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்றுதான் கேட்கவில்லை. அது இத்தனை வருடமும் உள்ளே கிடந்திருக்கிறது. மண்வெட்டியை ஓங்கியபோது குஞ்சும் நினைவில் இல்லை, கூரைத் தண்ணீரும் நினைவில் இல்லை.

கோர்ட்டில் வக்கீல் உன்னிடம் அதைக் கேட்டபோது நான் நிமிராததற்குக் காரணம் இதுதான். அவர் கேட்டது என் கேள்வி.

நீ செய்தது குஞ்சுகளை மட்டும்தான் கொன்றது. அவனைக் கொன்றது நான். இதை ஜினுவிடம் சொல்லலாம். வார்டர் வாசித்துவிட்டு, இதை அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.

திரவியம்


விழிஞ்ஞம்
23 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

கடிதத்தை ஜினுவிடம் கொண்டுபோனேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் வாசித்தேன். என்னைப் பற்றி நீங்கள் நினைத்ததையும் விடாமல் வாசித்தேன். விட்டுவிட்டு வாசித்தால் மறுபடி மறைத்தது போல் ஆகும்.

அவர் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மறுபடி அதை மட்டும் வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவை வாசித்தேன். "அப்ப ஆளு சத்தியம்தன்னெ பறஞ்ஞது" என்றாள். உண்மையைத்தான் சொன்னார் என்று. பிறகு வெகு நேரம் அழுதாள். நான் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இல்லை.

உங்களைப் பார்க்க வருவேனா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களை என் அண்ணன் என்று நினைத்துத்தான் அந்த வீட்டில் எட்டு வருடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினேன். நீங்கள் என்னை யார் என்று நினைத்திருந்தீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜினு ஒன்று கேட்கச் சொன்னாள். கிரீஷ் யாரோடு பேசினாலும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார். அன்று அதைச் சொல்லும்போது பயந்துபோய்ச் சொன்னாரா, வழக்கம்போல் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கு நீங்கள் எழுத வேண்டாம். அவளுக்காக இதை எழுதுங்கள்.

உலகம்மாள்


சிறை, திருவனந்தபுரம்
1 டிசம்பர் 2025

ஜினுவுக்கு வாசித்துக் காட்ட:

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு, நான் வாசித்துப் பார்க்கட்டும் என்று குப்பியை என் பக்கம் தூக்கிக் காட்டினார். நான் வாசிக்கவில்லை.

திரவியம்